பக்கத்து நாட்டு அறிக்கையைப் பார்க்கவும்

அன்றைய கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்:

எங்கள் தரப்பில் தலைவர். நீர்வளத் துறையின் தலைமைப் பொறியாளர். சதுப்பு நிலக் கூட்டுக் குழு தொடங்கிய நாளிலிருந்து எங்கள் பக்கத்துக்கு அவர்தான் தலைவர்.

பறவைக்காரி. சதுப்பில் பறவை எண்ணுகிற ஒப்பந்த ஊழியர். தலைவரின் மருமகள். வேலை முதலில் கிடைத்தது, அவர் மகன் பிறகுதான் கிடைத்தான். சிபாரிசு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதால் கேட்காதவர்களிடமும் இதைச் சொல்லிவிடுவாள்.

நான். கூட்டக் குறிப்பு எழுதுபவன்.

அவர்கள் தரப்பில் அக்கா. அந்தப் பக்கத் தலைவி. எங்கள் தலைவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் தலைவர் உட்பட எல்லோருக்கும் அவர் அக்காதான்.

மதகுக்காரர். சதுப்பின் கீழ்மதகைத் திறப்பதும் மூடுவதும் அவர் வேலை. மற்ற நேரங்களில் ஏன் திறக்கவில்லை, ஏன் மூடவில்லை என்று விவசாயிகளிடம் ஏச்சு வாங்குவதும் அவர் வேலை.

இரண்டு காவலர்கள். நாட்டுக்கு ஒருவர்.

பறவைகளுக்கு அழைப்பு அனுப்பும் வழக்கம் இல்லை.

சதுப்பு இரண்டு நாட்டுக்கும் பொது. எல்லைக்கோடு அதன் நடுவில் போகிறது. தண்ணீரில் கோடு நிற்காது என்பதால் வரைபடத்தில் போட்டிருக்கிறார்கள். எங்கள் பக்க மேல்மதகு வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். அவர்கள் பக்கக் கீழ்மதகு வழியாக வெளியேறி அவர்களுடைய வயல்களுக்குப் போகும். இரண்டு பக்கமும் பேச்சு ஒன்றுதான், முத்திரைதான் வேறு.

கூட்டம் நடக்கும் கட்டடம் சரியாகக் கோட்டின் மேல் நிற்கிறது. உள்ளே போட்டிருக்கும் மேசையும் அப்படியே. பிஸ்கட் தட்டை எதிர்ப்பக்கம் தள்ளினால் கணக்குப்படி அது ஏற்றுமதி.

மதியச் சாப்பாடு முடிந்த சோம்பலில் தலைவர் கூட்டத்தை ஆரம்பித்தார்.

"ஒரே ஒரு விஷயம்தான். இன்னிக்கு சாயங்காலம் கீழ்மதகு திறக்கணும். வருஷா வருஷம் நடக்கறதுதான். ஆளுக்கொரு கையெழுத்தைப் போட்டா கிளம்பிடலாம்."

மதகுக்காரர் பாதி எழுந்தேவிட்டார். பறவைக்காரி கையைத் தூக்கினாள்.

"சார், மூணு வாரம் தள்ளிப்போடணும். நாணல் திட்டுல செந்நாரைங்க கூடு கட்டியிருக்கு. குஞ்சு பொரிச்சாச்சு, இன்னும் பறக்கத் தெரியாது. இப்போ மதகைத் திறந்தா தண்ணி இறங்கிடும். திட்டுக்கும் கரைக்கும் நடுவுல வெறும் சேறுதான் இருக்கும். நரி கால் நனையாம நடந்துபோய் எல்லாத்தையும் தின்னுட்டு வந்துடும்."

"நரிக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்குல்ல," என்றார் மதகுக்காரர்.

"இருக்கே. ராத்திரி உங்க வீட்டுக் கோழிக்கூண்டைத் திறந்து வைங்கண்ணே. புண்ணியமாப் போகும்."

அக்கா சிரித்தார். "பொண்ணு கேக்கறது நியாயம்தான். கூடு இருந்தா மதகை நிறுத்தி வைக்கலாம்னு ஒப்பந்தத்துலயே இருக்கு. அந்த இடம் ரெண்டு நாட்டு அறிக்கையில ஏதாவது ஒண்ணுல பறவை தங்கற இடமா பதிவாகியிருந்தா போதும். நாணல் திட்டு உங்க அறிக்கையிலதானே வருது?"

"இல்லையே, உங்களதுல," என்றார் தலைவர்.

"எங்களதுல எப்படி வரும்? நீங்கதானே எண்ணறீங்க?"

"நாங்க எங்க எண்ணினோம்? நீங்க எண்ணறீங்கன்னுல்ல விட்டுவெச்சிருக்கோம்."

இரண்டு அறிக்கைகளும் மேசைக்கு வந்தன. எங்களுடையதில் பக்கத்தைத் தேடி எடுத்தேன். நாணல் திட்டு: பக்கத்து நாட்டு அறிக்கையைப் பார்க்கவும். அக்கா தன்னுடையதைப் புரட்டினார். நாணல் திட்டு: பக்கத்து நாட்டு அறிக்கையைப் பார்க்கவும். விவரம் தேடி ஒரு ஆராய்ச்சி மாணவன் கிளம்பியிருந்தால் இந்நேரம் இரண்டு நாட்டுக்கும் நடுவில் நடந்தே கிழவனாகியிருப்பான்.

நடந்தது இதுதான். திட்டு கோட்டின் மேலேயே கிடக்கிறது. குழு ஆரம்பித்த வருடம் இரண்டு தரப்புக்கும் புதுப் பழக்கம். மரியாதை வழிந்துகொண்டிருந்த நேரம். நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள் என்று இவர் சொல்லியிருக்கிறார். சேச்சே, நீங்கள் எண்ணுங்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். தட்டில் கடைசி பிஸ்கட்டை யாரும் எடுக்காமல் நமத்துப்போக விடுவதுபோல் திட்டை விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த அறிக்கை ஒவ்வொன்றும் முந்தைய அறிக்கையின் நகல். சதுப்பிலேயே பறவை அதிகம் இருக்கும் இடம் அதுதான். இரண்டு அரசாங்கத்துக்கும் தெரிந்தவரை அங்கே ஒரு இறகுகூடக் கிடையாது.

"சரி, இப்போ எழுதிடலாமே," என்றாள் பறவைக்காரி. "யாராவது ஒருத்தர் எங்க இடம்னு எழுதிக் குடுங்க. முடிஞ்சுபோச்சு."

யாரும் பேனாவைத் தொடவில்லை. திட்டு யாருடையதோ அவர்கள்தான் மதகு ஏன் மூடியிருக்கிறது என்று மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். விளக்கம் எழுதுவதைவிட நிலத்தை விட்டுக்கொடுப்பது சுலபம்.

"அது உங்களோடதுதான் அக்கா," என்றார் தலைவர். "பாத்தாலே தெரியுது, உங்க பக்கம் சாஞ்சிருக்கு."

"காத்துக்கு நாணல் சாயறதுங்க. நாளைக்கு உங்க பக்கம் சாயும். பெரியவங்க நீங்க இருக்கும்போது நான் எடுத்துக்கறது முறையா?"

"பெரியவன் சொல்றேன், எடுத்துக்கங்க."

"ஐயோ, வேணாங்க. நல்லா இருக்காது."

நாடுகள் நிலத்துக்காக அடித்துக்கொள்வதைச் செய்தியில் பார்த்திருக்கிறேன். ஒருவர் மடியில் ஒருவர் நிலத்தைத் திணிக்கும் எல்லைத் தகராறை அன்றைக்குத்தான் பார்த்தேன். குறிப்பில் 'இரு தரப்பும் நல்லெண்ணத்தை வெளிப்படுத்தின' என்று எழுதினேன்.

"மாமா!" என்றாள் பறவைக்காரி.

வீட்டில் மாமா, வேலையில் சார் என்பது அவள் கல்யாணத்தன்று போட்ட ஒப்பந்தம். அவள் அதை மீறி யாரும் பார்த்ததில்லை.

"கூட்டத்துல சார்னு சொல்லும்மா."

"குஞ்சுங்க செத்ததுக்கு அப்புறம் சார்னு சொல்றேன். நாலு நாளா தொலைநோக்கியில பாத்துட்டிருக்கேன். நாணலுக்கு மேல கழுத்தை நீட்டி நீட்டிப் பாக்குதுங்க. சாயங்காலம் மதகைத் திறந்தா நாளைக்குப் பாக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது."

மதகுக்காரர் தொண்டையைச் செருமினார். "எனக்கு நாரை மேல ஒரு கோவமும் இல்லம்மா. ஆனா நாத்து விட்டுட்டு உக்காந்திருக்காங்க. மூணு வாரம் தண்ணி இல்லன்னா நாத்து காயும். அப்புறம் அவங்க என்னைக் காயப்போடுவாங்க."

இதற்குத் தலைவர் அசரவில்லை. ஒரு காகிதத்தை இழுத்தார், பென்சிலை எடுத்தார், நாலு வரி எழுதினார். எங்கள் மேல்மதகை ஒரு சாண் திறப்பது. அவர்கள் கீழ்மதகையும் அதே அளவு மட்டும் திறப்பது. வருகிற தண்ணீர் அப்படியே போகும். சதுப்பின் மட்டம் இறங்காது, நாற்று காயாது.

"நடவுக்குப் பத்தாது. ஆனா நாத்து சாகாது," என்றார் தலைவர். "மேல எங்க அணையில இந்த வருஷம் தண்ணி இருக்கு. குடுக்கலாம்."

மதகுக்காரர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது போதுங்க. திட்டுவாங்க, ஆனா அடிக்க மாட்டாங்க."

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மனிதர் வேலை தெரிந்தவர். காகிதத்தில் வளர்ப்பு நாய்க்குட்டியைச் சொல்வதுபோல் தண்ணீரை வரச் சொல்வார், போகச் சொல்வார், உட்காரச் சொல்வார்.

"அப்போ பாக்கி இருக்கறது திட்டு மட்டும்தான்," என்று அக்கா ஒப்பந்தத்தைப் புரட்டினார். ஒரு இடத்தில் விரல் நின்றது. முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "இதோ இருக்கே. அறிக்கையில இல்லாத இடம்னா, ரெண்டு தலைவர்களும் ஒரே படகுல போய், நேர்ல பாத்து, அங்கேயே கையெழுத்துப் போட்டா செல்லும். அழகா எழுதியிருக்காங்க. யார் எழுதினது இதை?"

எழுதியவர் தலைவர். எழுதும்போது அதில் வருகிற படகு நிஜப் படகு என்று அவர் நினைக்கவில்லை.

தலைவருக்குத் தண்ணீர் என்றால் பயம். இது இரண்டு நாட்டுக்கும் தெரியும். இரண்டு நாடும் இதுவரை ஒரு பேச்சும் இல்லாமல் கடைப்பிடித்த ஒரே உடன்பாடு, இதை அவரிடம் சொல்லாமல் இருப்பதுதான். படகுத்துறை திறப்பு விழாவில் ரிப்பனைக் கரையிலிருந்தே எட்டி வெட்டினார். கூட்டுக் குழுவின் புகைப்படம் ஒன்று அந்த அறைச் சுவரில் மாட்டியிருக்கிறது. எல்லோரும் படகில் உட்கார்ந்திருப்பார்கள். தலைவர் கரையில் நின்று படகுக் கயிற்றைப் பிடித்திருப்பார். பசுமாட்டை ஓட்டிவந்தவர் போல இருப்பார்.

"போகலாமே," என்றார் தலைவர். "அதுக்கென்ன. ஆனா இன்னிக்கு முடியாதே. எங்க பக்கத் துறையில தண்ணி இல்ல. படகு சேத்துல உக்காந்திருக்கு." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இல்லை.

"எங்க பக்கம் இருக்குங்க," என்றார் அக்கா. "அந்தக் கதவைத் தாண்டினா துறைதான்."

அறையில் இரண்டு கதவுகள் உண்டு. எங்கள் பக்கக் கதவு வழியாக நாங்கள் வருவோம், போவோம். அவர்கள் பக்கக் கதவு வழியாக அவர்கள். எதிர்ப்பக்கக் கதவைத் தாண்டினால் அடுத்த நாடு.

"அது எல்லை தாண்டறதாச்சே. மேலிடத்துல அனுமதி வாங்கணும். அவங்க எப்போ எடுத்து, எப்போ சொல்லி..."

"கேட்டுப் பாருங்களேன்."

தலைவர் நிம்மதியாகத் தொலைபேசியை எடுத்தார். எங்கள் மேலிடம் தொலைபேசியை எடுக்காது என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. கூட்ட அறையின் கூரை ஒழுகுவதற்கு ஓடு கேட்டு நாங்கள் எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. அன்றைக்கு முதல் மணியிலேயே எடுத்தார்கள். தலைவர் விஷயத்தைத் தயங்கித் தயங்கி, முடிந்தவரை மோசமாகச் சொன்னார். அந்தப் பக்கம் யாரோ உற்சாகமாகப் பேசுவது எங்களுக்கே கேட்டது. நல்லெண்ணம், முன்னுதாரணம், போட்டோ எடுங்கள். தலைவர் தொலைபேசியைக் கீழே வைத்தார்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் பறவைக்காரி.

"போகச் சொல்றாங்க," என்றார். அவருடைய இத்தனை வருட வேலையில் மேலிடம் இவ்வளவு பெரிய துரோகம் செய்ததில்லை.

அதன் பிறகு தலைவர் கழுவுற மீனில் நழுவுற மீனானார். முதுகு வலிக்கிறது என்றார். நான் இல்லாதபோது கோப்புகளை யார் பார்ப்பது என்றார். கூரையில் ஏறித் தொலைநோக்கியில் பார்த்தாலும் நேரில் பார்த்ததுதான் என்றார்.

"ஏங்க, சம்பந்தி வீட்டுக் கல்யாணத்தைக் கூரை மேல நின்னு தொலைநோக்கியில பாத்தா, வந்து போனதா ஒத்துக்குவாங்களா?" என்றார் அக்கா.

மதகுக்காரர் சிரிப்பை அடக்க டம்ளருக்குள் முகத்தை விட்டார்.

பறவைக்காரி தன் கைப்பேசியை எடுத்து எதையோ அழுத்தி மேசை நடுவில் வைத்தாள். மறுமுனையில் தலைவரின் மனைவி.

"அத்தை, மாமா படகுல போகணும். யோசிக்கறார்."

"அவரா? யோசிக்க என்னடி இருக்கு?" குரல் அறை முழுக்க ஒலித்தது. "பொண்ணு பாக்க வந்தப்போ காலேஜ்ல நீச்சல்ல முதல் பரிசு வாங்கினேன்னு எங்கப்பாகிட்ட சொன்ன ஆளாச்சே. இன்னிக்கு வரைக்கும் அந்தக் கோப்பையை நான் கண்ணால பாத்ததில்ல. இன்னிக்காவது பாக்கலாம். போகச் சொல்லு. ஏங்க, கேக்குதா? துண்டு எடுத்துட்டுப் போனீங்களா?"

தலைவரே கையை நீட்டி இணைப்பைத் துண்டித்தார். காவலர்கள் இருவரும் ஆளுக்கொரு நாட்டுக் கூரையைப் பார்த்தார்கள்.

"இது விளையாட்டு இல்லம்மா," என்றார் தலைவர் மருமகளிடம். குரல் இறங்கியிருந்தது. "ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சொல்லியிருக்காங்க."

சொல்லி முடித்ததுமே தப்பு செய்துவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அக்கா எங்கள் நாட்டு அறிக்கையை மெதுவாகத் தன் பக்கம் இழுத்தார். இறக்குமதி.

"ஆழம் தெரியாதா? துறையிலேர்ந்து நாணல் திட்டு வரைக்கும் இந்த மாசத்துல இடுப்பளவு. இங்க எழுதியிருக்கு. கீழே உங்க கையெழுத்து."

"அது... சராசரி."

"அதிகபட்சமும் இருக்கு. நெஞ்சளவு. அதுக்கும் கீழே உங்க கையெழுத்துதான். இந்தக் கணக்கை நம்பித்தான் நாங்க மதகைத் திறக்கறோம், மூடறோம். கணக்கு தப்புன்னா சொல்லிடுங்க. ஒண்ணும் அவசரமில்ல, எல்லாத்தையும் மறுபடி அளந்துக்கலாம். நீங்க எழுதின ஆழத்துமேல உங்களுக்கே நம்பிக்கை இல்லன்னு குறிப்புல போட்டுடலாம். தம்பி, எழுதிக்கங்க."

நான் பேனாவை எடுத்தேன்.

"எழுதாதே," என்றார் தலைவர்.

அவர் முகத்தைப் பார்த்தேன். பயம் எங்கேயும் போயிருக்கவில்லை. நெற்றியில் வேர்வையாக நின்றது. ஆனால் அதன் பக்கத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. அவருடைய கணக்கைச் சந்தேகப்பட்டு யாரும் பேசியதில்லை. தண்ணீர் அவரைக் கொன்றாலும் பரவாயில்லை, அதிகபட்சம் நெஞ்சளவு ஆழத்தில் கொன்றது என்று இருக்க வேண்டும்.

"கணக்கு சரிதான்," என்றார். "படகு யார் ஓட்டறது?"

"நான்தாங்க," என்றார் மதகுக்காரர். "மெதுவாத் தள்ளறேன். விழுந்தா எந்திரிச்சு நின்னுக்கலாம். அவ்வளவுதான்."

"விழுந்தான்னு ஏன் பேச்சை எடுக்கறீங்க?"

"எடுக்கலீங்க."

மதகைத் திறக்கிறவர் படகில் இருக்கும்வரை மதகைத் திறக்க வேறு ஆளில்லை. பறவைக்காரி இதை யோசித்துவிட்டாள் என்பது அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்ததில் தெரிந்தது. ஆனால் முழுதாகச் சாயவில்லை. கையெழுத்து, திட்டில் வைத்துத்தான் விழ வேண்டும். தலைவர் அதுவரை போய்ச் சேர வேண்டும்.

அக்கா அலமாரியிலிருந்து லைஃப் ஜாக்கெட்டைக் கொண்டுவந்தார். தலைவர் போட்டுக்கொண்டார். பிறகு அலமாரியை எட்டிப் பார்த்தார். "இன்னொண்ணு இருக்கா?"

"எனக்கு வேணாங்க, நீந்துவேன்," என்றார் அக்கா.

"உங்களுக்கில்ல."

முதல் ஜாக்கெட்டின் மேல் இரண்டாவதைப் பூட்ட மருமகள் உதவினாள். வார் எட்டவில்லை. மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னாள். இழுத்தார். பூட்டியாயிற்று. கைகள் இரண்டும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நின்றன. அப்பாவின் சட்டையை மாட்டிக்கொண்ட குழந்தையைப் போல இருந்தார்.

"கூட்டுக்கு ரொம்பக் கிட்ட போகாதீங்க மாமா. தாய்ப் பறவை பயந்து எழுந்துடும்."

"அது என்னைப் பாத்து பயப்படுமா?"

"இப்போ இருக்கற கோலத்துல கண்டிப்பா பயப்படும். தூரத்துலேர்ந்து தலையை எண்ணுங்க. ரெண்டு குஞ்சைப் பாத்தாலே போதும். கையெழுத்தைப் போட்டுட்டுத் திரும்பிடுங்க."

"எனக்கு எண்ணத் தெரியாதா?" என்றார். அதில் பழைய தலைவர் கொஞ்சம் எட்டிப் பார்த்தார்.

அவர்கள் பக்கக் காவலர் கதவைத் திறந்தார். வெளியே வெயில் பளீரென்றிருந்தது. மரப் படிகள், அதன் கீழே துறை, துறையில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் படகு. அதற்கு அப்பால் தண்ணீர், நாணல். மதகுக்காரர் முதலில் இறங்கினார். அக்கா இறங்கி, திரும்பிக் கையை நீட்டினார்.

"வாங்க. எங்க நாட்டுக்கு வாங்க. இத்தனை வருஷமா வர்றேன் வர்றேன்னு சொல்லிட்டே இருந்தீங்க."

தலைவர் வாசற்படியில் நின்றார். ஒரு கால் எங்கள் நாட்டில். படகைப் பார்த்தார். அது மறுபடி ஒருமுறை ஆடியது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"குறிப்புல என்ன எழுதப்போறே?"

"தலைவர் கள ஆய்வுக்குப் புறப்பட்டார்னு."

"ஜாக்கெட் பத்தி?"

"ஒண்ணுன்னு எழுதறேன்."

தலையை ஆட்டினார். இரண்டாவது காலையும் எடுத்து அந்தப் பக்கம் வைத்தார். ஒரு படி இறங்கினார். கைப்பிடிக் கம்பியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு இன்னொரு படி. அங்கே நின்றுவிட்டார்.

"அம்மாடி," என்றார், திரும்பாமலே. "என் மூக்குக்கண்ணாடியை மேசையில விட்டுட்டேன்னு நினைக்கறேன். ஒரு நிமிஷம் உள்ளே வந்து..."

"மூக்கு மேலதான் இருக்கு மாமா."

அவர் கையை உயர்த்தித் தொட்டுப் பார்த்தார். இருந்தது. பறவைக்காரி அந்தப் பக்கக் காவலரைப் பார்த்தாள். எங்கள் நாட்டுக்காரி அவருக்கு உத்தரவிட முடியாது. அவளும் உத்தரவிடவில்லை, பார்க்க மட்டும்தான் செய்தாள். அயல்நாட்டு விருந்தினர் வெளியே போனால் அவர் திரும்பும்வரை கதவு பூட்டியிருக்க வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு விதி உண்டு. விருந்தினர் யாரும் இதுவரை போனதில்லை என்பதால் அது இருப்பது மறந்துபோயிருந்தது. காவலருக்கு இப்போது ஞாபகம் வந்தது. அவர் தலைவரின் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, தாழ் போட்டு, பூட்டில் சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினார்.